நட்ட கணக்கு வேண்டாம், நின்ற கணக்கு வேண்டும்

ஊர்க்காட்டை ஊரே ஆள்வதற்கான இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்
விருத்தாசலம்

விருத்தாசலத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், அகல்விளக்குச் சூளை போடுகிறவர்கள், முந்திரிக்கொல்லையில் பாடுபடுகிறவர்கள், ஆடு மாடு மேய்க்கிறவர்கள், சுள்ளி பொறுக்கி அடுப்பெரிக்கிறவர்கள், இவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்கள் ஆகிய நாங்கள் ஒன்றுகூடி இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம்.

எங்கள் நம்பிக்கை இதுதான். காட்டோரம் குடியிருக்கும் மக்களுக்கு அந்தக் காட்டின் விதிகளை எழுதவும், அதன் பலனில் பங்கு பெறவும், அதை அழிக்க வருகிறவரைத் தடுக்கவும் சட்டப்படி அதிகாரம் இருந்தால் காடு நிலைக்கும். குழி வெட்டும் கூலி மட்டும் கொடுத்தால், கூலி முடிகிற நாளில் காவலும் முடியும். காவல் முடிந்த காட்டுக்கு ஆயுள் இல்லை.

மரம் நடும் விழாக்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. நட்டது எத்தனை என்று அறிவிக்க ஆள் உண்டு. இருபது ஆண்டு கழித்து அதே இடத்தில் நிற்பது எத்தனை என்று சொல்ல ஆள் இல்லை. அந்த இரண்டாவது கணக்கை ஊர்க் கையில் எடுப்பதற்காகவே இந்த இயக்கம் பிறக்கிறது.

பீங்கான் ஊருக்குக் காடு எதற்கு?

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு மேலடுக்கில் கிடைக்கும் களிமண்ணை நம்பி இங்கே பீங்கான் தொழில் வேர்பிடித்தது. தொழிற்பேட்டையில் உருவாகும் பொம்மை, ஜாடி, பியூஸ் கட்டை, இன்சுலேட்டர் எல்லாமே மண்ணும் நீரும் நெருப்பும் சேர்ந்தவை. இவற்றில் நீருக்கும் நெருப்புக்கும் நேரடியாகக் காட்டோடு கணக்கு இருக்கிறது.

பழமலைநாதர் கோயில் ஓரமாக ஓடும் மணிமுத்தாறு கல்வராயன் மலையிலிருந்து வருகிறது. மலையில் மரமும் புதரும் சருகும் அடர்ந்திருந்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, மெல்லக் கசிந்து, மழைக்காலம் போன பிறகும் ஆற்றுக்கு ஊட்டும். மலை மொட்டையானால் பெய்த மழை சில நாளில் கலங்கல் வெள்ளமாக ஓடி முடிந்துவிடும். மீதிக் காலம் ஆற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆகவே கல்வராயன் மலைக்காட்டை யார் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது விருத்தாசலத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தொடுகிற கேள்வி.

நெருப்புக்கு வருவோம். எண்ணெயிலும் எரிவாயுவிலும் எரியும் சூளைகள் வந்த பின்பும், மண்பாண்டச் சூளைக்கும் செங்கல் சூளைக்கும் கல்யாண மண்டபத்துக் கோட்டை அடுப்புக்கும் விறகு வந்துகொண்டே இருக்கிறது. அது எந்தக் காட்டிலிருந்து வந்தது, வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்த்ததா என்று நகரத்தில் யாரும் கேட்பதில்லை. விறகு தின்கிற ஊர் காட்டைப் பற்றிப் பேசும்போது, குற்றத்தைச் சுள்ளி பொறுக்குகிற பெண்ணின் தலைச்சுமையில் மட்டும் ஏற்றுவது நியாயமல்ல.

படத்தில் பச்சை, தரையில் என்ன?

இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கைதான் நாட்டின் காட்டுக் கணக்கு. 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டின் வனப்பரப்பு 26,419 சதுர கிலோமீட்டர். மாநிலப் பரப்பில் 20.31 சதவீதம். 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை மூன்றில் ஒரு பங்கு நிலம் மரப்போர்வையோடு இருக்க வேண்டும் என்கிறது. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கமும் 33 சதவீதத்தைக் குறியாக வைத்திருக்கிறது.

குறி நல்லதுதான். ஆனால் இந்தக் கணக்கில் காடு என்பதற்கு வகுத்திருக்கும் இலக்கணத்தை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மேலிருந்து பார்க்கும்போது 10 சதவீதமாவது மரத்தழை மூடியிருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன சாதி, எதற்காக வளர்க்கப்பட்டது என்ற கேள்விகள் அதில் இல்லை. இயற்கைக் காடும் தைலமரத் தோப்பும் முந்திரிக்கொல்லையும் செயற்கைக்கோள் படத்தில் ஒரே பச்சையாகிவிடுகின்றன.

எங்கள் பகுதிக்கு இது வெறும் தொழில்நுட்பச் சங்கதி அல்ல. எங்களைச் சுற்றி இருக்கும் பசுமை பல தினுசு. செம்மண் மேட்டில் முந்திரி. காகித ஆலையை நோக்கி வளரும் தைலமரம். வேப்பூர் வட்டாரத்தில் இன்றும் புள்ளிமான் திரியும் காப்புக்காடுகள். ஏரிக்கரையிலும் ஐயனார் கோயிலைச் சுற்றியும் எஞ்சி நிற்கும் பழைய காட்டுத் துண்டுகள். முந்திரி எங்கள் சோறு. அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதை நாங்கள் மறக்கவில்லை. ஒரே மரத்தை நம்பிய நிலம் ஒரே இரவில் வெறுமையானது.

பழைய காட்டின் பலம் வேறு. காயாவும் வீரையும் உலக்கைப்பாலையும், அவற்றின் கீழே கிளாவும் காரையும் சூரையும், அவற்றைப் பின்னிய கொடிகளும் என்று அடுக்கடுக்காக நெருங்கி நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு அது. சோழமண்டலக் கரைக்கு உரியது. குறைந்த மழையிலும் ஆண்டு முழுதும் இலை தாங்கும். ஒரு முறை அழித்துவிட்டால் நாற்றங்கால் கன்றுகளை வைத்து அதே காட்டை ஒரு தலைமுறைக்குள் எழுப்புவது அரிது. எனவே, தோப்பின் பரப்பு கூடியதைக் காட்டிக் காடு கூடியது என்று சொல்வதை இந்த இயக்கம் ஏற்காது. காட்டைத் தனியாகவும் தோப்பைத் தனியாகவும் எண்ண வேண்டும்.

முன்பு வந்தவை ஏன் நிலைக்கவில்லை?

மக்களிடம் காட்டை ஒப்படைக்கும் எண்ணம் புதிதல்ல. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் மேய்ச்சல் நிலத்தையும் விறகுக்காட்டையும் காப்புக்காடாக்கி ஊரை வெளியே நிறுத்தியது. மேய்ச்சலுக்குக் கட்டணம், அத்துமீறினால் அபராதம் என்று குடியானவர்களின் புகார் பெருகியது. அதை விசாரித்து 1913-இல் அறிக்கை தந்த மாகாண வனக்குழு, ஊர்த் தேவைக்கான காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளிடமே விடலாம் என்றது. அதன் பேரில் வனப் பஞ்சாயத்துகள் நடந்த காலமும் உண்டு. பின்னாளில் அவை தேய்ந்து மறைந்தன.

1981-இல் சுவீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. ஏரி உட்புறங்களில் கருவேலம் நட்டார்கள். வெட்டி விற்ற பணத்தில் பஞ்சாயத்துக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் எதை நடுவது, எப்போது வெட்டுவது, யாருக்கு ஏலம் விடுவது என்ற முடிவுகள் ஊரின் கையில் இல்லை. ஒரே வயதில் வளர்ந்த மரங்கள் ஒரே வீச்சில் வெட்டப்பட்டன. வெட்டிய பின் அந்த நிலத்தில் ஊருக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை.

1997-இல் ஜப்பானியக் கடனுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2005 முதல் 2013 வரை நடந்தது. மலையடிவார ஊர்களில் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. குடும்பத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பொதுக்குழுவில் இருந்தார்கள். தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் வெட்டினார்கள். சுழல்நிதிக் கடனில் கறவை மாடு வாங்கினார்கள். இவை நல்ல வேலைகள். பல சரிவுகளில் பசுமை திரும்பியது. குறை எங்கே என்றால், குழுவின் செயலாளர் வனத்துறை ஊழியர், திட்டம் துறையுடையது, பணத்துக்குக் காலக்கெடு உண்டு. பணம் வந்தவரை கூட்டம் நடந்தது. பணம் நின்றதும் பல ஊர்களில் குழுவின் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியது.

சூளை வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்: ஈரம் காயாத கலத்தை அவசரமாகச் சுட்டால் வெடித்துவிடும். ஐந்தாண்டுக்குள் பயனீட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டிய திட்டம், ஐம்பதாண்டில் முதிரும் காட்டை அப்படித்தான் சுடுகிறது.

2006-இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. தலைமுறைகளாகத் தாங்கள் காத்துவரும் சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை உண்டு என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் பட்டா வழங்குவது தடைப்பட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. தடை நீங்கிய பிறகும் நம் மாநிலத்தில் தனிநபர் உரிமையே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஊர் முழுவதற்குமான சமூக வன உரிமை பின்தங்கியே நிற்கிறது.

நிலைத்த இடங்கள் சொல்லும் பாடம்

குமாவோன் மலையில் காட்டை அரசு எடுத்துக்கொண்டதை எதிர்த்து 1921-இல் மக்கள் காடுகளுக்கே தீ வைத்தார்கள். பத்தாண்டு கழித்து, 1931-இல், வனப் பஞ்சாயத்து விதிகள் வந்தன. இன்று உத்தராகண்டில் 11,000-க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அங்கே ஊர்க்காட்டையும் அரசுக் காட்டையும் செயற்கைக்கோள் படம் கொண்டு ஒப்பிட்டது. மரப்போர்வையில் ஊர்க்காடு சளைக்கவில்லை. ஆனால் ஒரு ஹெக்டேரைக் காக்க ஊர் செலவழித்தது, அரசு செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

மேற்கு வங்கத்து மேதினிப்பூரில் உள்ள அராபாரியில் 1972 வாக்கில் வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி 11 ஊர்களின் 618 குடும்பங்களோடு பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். 1,272 ஹெக்டேர் சீரழிந்த சால் காட்டை அவர்கள் காக்க வேண்டும். விறகும் இலையும் அவர்களுக்கு. முதிர்ந்த மரத்தின் வருமானத்தில் 25 சதவீதமும் அவர்களுக்கு. அடிமரங்கள் துளிர்த்து மறுபடி காடானது. அந்த அனுபவமே 1990 ஜூன் 1 அன்று மத்திய அரசு வெளியிட்ட கூட்டு வன மேலாண்மைச் சுற்றறிக்கைக்கு வழிவிட்டது.

நேபாளத்தின் 1993 வனச் சட்டம் பயன்படுத்துவோர் குழுக்களுக்கே காட்டைக் கைமாற்றியது. இன்று அங்கே 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் உண்டு. 1992-இல் நாட்டின் பரப்பில் சுமார் 26 சதவீதமாக இருந்த காடு 2016-இல் சுமார் 45 சதவீதமாக உயர்ந்தது. இளைஞர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனதும், மலைச்சரிவு வயல்கள் தரிசானதும், சமையல் எரிவாயு வந்ததும் அதற்கு உதவின என்பதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனாலும் தரிசில் முளைத்த கன்றைக் காக்க அங்கே உரிமையுள்ள ஒரு குழு இருந்தது. நம் ஊர்களிலும் தரிசு உண்டு, வெளியூர் போன இளைஞர்கள் உண்டு. அந்தக் குழுதான் இல்லை.

மகாராட்டிரத்தின் மேந்தா லேகா என்னும் சிற்றூர் 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக வன உரிமை பெற்றது. 2011 ஏப்ரலில் மூங்கில் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டை எழுதும் அதிகாரமும் அதன் கிராம சபைக்குக் கிடைத்தது. தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு என்பது அவர்கள் முழக்கம். அங்கே எல்லாரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசித்தான் முடிவெடுப்பார்கள்.

ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 10 நாடுகளின் 80 பொதுக்காடுகளை ஆராய்ந்த ஆய்வாளர்கள் சத்ரேயும் அகர்வாலும் 2009-இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். காடு ஓரளவு பெரியதாக இருந்து, விதி வகுக்கும் சுதந்திரமும் உள்ளூருக்கு இருந்தால், மரத்தில் சேரும் கரிமமும் மக்களின் பிழைப்பும் சேர்ந்தே உயர்கின்றன. பொதுச்சொத்தைப் பொதுமக்களே கட்டுக்கோப்பாக ஆள முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான்.

தொலைவில்தான் சான்று இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1990-களில் புதுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எங்கள் மாவட்டத்துத் திருமாணிக்குழியிலும் குழந்தைக்குப்பத்திலும் எஞ்சிய உலர் பசுமைமாறாக் காட்டைக் கணக்கெடுத்தார்கள். இப்படிப்பட்ட துண்டுகள் பலவும் தப்பியதற்குக் காரணம் வேலியோ காவலரோ அல்ல. சாமியின் காட்டில் அரிவாள் வைக்கக் கூடாது என்ற ஊர்க்கட்டு. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில்காடு 2025-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2022-இல், அத்தகுதி பெற்றது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. அங்கே 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. நாடாளுமன்றத்துக்கும் கிராம சபைக்கும் இடையே தூரம் அதிகம். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதியது தில்லி வரை போய்ச் சேரும்.

எங்கள் கொள்கைகள்

1. ஊர் என்றால் எல்லாரும். தெருவும் காலனியும் இருளர் குடியிருப்பும் சேர்ந்ததே ஊர். சாதியில் பெரிய நான்கு வீடுகள் கூடி எடுக்கும் முடிவு ஊர் முடிவாகாது. கோயில்காட்டு மரபிலிருந்து மரத்தைத் தொடாதே என்ற கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்கிறோம். மனிதரை உள்ளே விடாதே என்ற தீட்டை எடுத்துக்கொள்ள மாட்டோம். ஒவ்வொரு ஊர்க்குழுவிலும் பாதிப் பேர் பெண்கள். தலித் மக்களுக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத இடம்.

2. விதியை எழுத வேண்டியவர் காட்டை நாளும் மிதிக்கிறவர். சுள்ளி பொறுக்குகிற பெண்களும் ஆட்டுக்காரர்களும் இல்லாத கூட்டத்தில் விறகு பற்றியும் மேய்ச்சல் பற்றியும் விதி எழுதக் கூடாது. காய்ந்த சுள்ளி எடுக்கலாம், அரிவாள் கொண்டுபோகக் கூடாது. மாடு மேயலாம், கன்று ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை ஆடு வேண்டாம். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து மூடித் திறக்கலாம். இப்படிப்பட்ட விதிகளை அந்தந்த ஊர் தன் மழைக்கும் மந்தைக்கும் ஏற்ப வகுக்கட்டும். மூடிய பகுதிக்கு ஈடாக ஆட்டுக்காரருக்கு மேய்ச்சல் காட்டாமல் எந்தப் பகுதியையும் மூடக் கூடாது.

3. உழைப்புக்கேற்ற பங்கு. பழமலைநாதர் கோயில் கட்டியவர்களுக்கு விபசித்து முனிவர் வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தார், அவரவர் உழைத்த அளவுக்கு அது பொன்னானது என்பது எங்கள் தலக்கதை. காட்டின் இலையும் அப்படியே பங்காக வேண்டும். புளி, நாவல், இலுப்பை, வேப்பங்கொட்டை, தேன், தழை, விறகு எதுவானாலும் காவலில் நின்ற குடும்பங்களுக்கு முதல் உரிமை. காசாக வருவதில் ஒரு பங்கு காட்டுக்கே திரும்ப வேண்டும்.

4. சண்டைக்குத் தீர்வு ஊருக்குள்ளேயே. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்ட வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். குறை சொல்ல ஓர் இடம் இருந்தால் மனிதர் அடிதடிக்குப் போவதில்லை. காட்டுத் தகராறுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். முதல் தவறுக்கு எச்சரிக்கை, அடுத்ததற்குக் காட்டு வேலை, அதற்கும் மேலே அபராதம் என்று தண்டனை படிப்படியாக ஏறட்டும். விறகுக்கட்டோடு பிடிபட்ட ஏழைக்கும் லாரியோடு பிடிபட்ட வியாபாரிக்கும் ஒரே தண்டனை விதிப்பது நியாயமாகாது. லாரியை வனத்துறையிடமும் காவல்துறையிடமும் ஒப்படைப்போம். யார் மீதும் நாங்கள் கை வைக்க மாட்டோம்.

5. முதலில் காப்பு, பிறகு நடவு. வேர் உயிரோடிருக்கும் காட்டுக்கு நாற்று வேண்டாம், ஓய்வு போதும். வெட்டுப்பட்ட உசிலும் வெப்பாலையும் வேம்பும் தாமே துளிர்க்கும். நட்டே ஆக வேண்டிய இடத்தில் உள்ளூர் விதையிலிருந்து வளர்ந்த பல இன மரங்களை நடுவோம். ஒற்றை இனத் தோப்பைக் காடு என்று எழுத மாட்டோம்.

6. வனத்துறை எங்கள் எதிரி அல்ல. தீயணைக்கவும் கடத்தலைப் பிடிக்கவும் எல்லை அளக்கவும் விதை சேகரிக்கவும் அத்துறையின் அறிவும் ஆளும் எங்களுக்குத் தேவை. முதலாளியும் கூலியுமாக இருந்த உறவு, காவலரும் உரிமையாளருமாக மாற வேண்டும் என்பதே எங்கள் வழக்கு.

7. கணக்கு வெளிப்படை. காட்டின் கணக்கும் காசின் கணக்கும் படிக்கத் தெரியாதவருக்கும் வாசித்துக் காட்டப்பட வேண்டும்.

அரசிடம் நாங்கள் கோருவது

காட்டோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் வன உரிமைச் சட்டப்படி வன உரிமைக் குழுவை அமைக்கவும், சமூக வன வள எல்லையை ஊர்மக்களோடு நடந்தே குறிக்கவும் மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி ஊர்களில் இதை முதலில் தொடங்க வேண்டும். அங்கே காடு பிழைத்தால் இங்கே ஆறு பிழைக்கும்.

கிராம வனக்குழுக்கள் இருக்கும் இடங்களில் செயலாளரை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும். வன ஊழியர் ஆலோசகராக இருக்கட்டும். வங்கிக் கணக்கின் வரவு செலவு கிராம சபையில் வைக்கப்பட வேண்டும்.

மேய்க்கால், மந்தைவெளி, ஏரிப் புறம்போக்கு நிலங்களை அளந்து எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பை அகற்றி, ஊர்க்காடாகப் பதிய வேண்டும். பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. நிலமற்ற ஏழை அதில் குடிசை போட்டிருந்தால் மாற்று மனை கொடுத்த பிறகே அவரை நகர்த்த வேண்டும்.

பொதுநிலத்துத் தைலமரம் வெட்டுக்கு வரும்போது, மறுபடி அதையே நடும் முன் அந்த ஊரின் கிராம சபையைக் கேட்க வேண்டும். கோயில்காடுகளைப் பட்டியலிட்டு, தகுதியுள்ளவற்றைப் பல்லுயிர் மரபுத் தலங்களாக அறிவிக்க வேண்டும். வன ஆய்வு அறிக்கையின் மாவட்டக் கணக்கில் இயற்கைக் காட்டையும் தோப்பையும் பிரித்து, தமிழில், வருவாய்க் கிராமம் வாரியாக வெளியிட வேண்டும்.

நாங்கள் செய்யப்போவது

அரசைக் கேட்பதோடு எங்கள் வேலை முடியவில்லை. நகரத்தார் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறோம்.

சூளைக்கும் உணவகத்துக்கும் மண்டபத்துக்கும் விறகு வாங்குகிறவர்கள் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு, சீட்டு வாங்கி வைப்போம். சீமைக்கருவேலத்தை அகற்றும் ஊர்களிலிருந்து விறகை நியாய விலைக்கு வாங்குவோம். அகற்றிய இடத்தில் உள்நாட்டு மரம் வருகிறதா என்றும் பார்ப்போம். விறகுச் செலவு குறையும் சூளை வடிவங்களைச் சிறு பட்டறைகளுக்குக் கற்றுத் தர, ஊரில் உள்ள பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் அணுகுவோம். மர இனத்துக்கும் விதைக்கும் இங்குள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் உதவியைக் கேட்போம்.

ஊர்களில், முதல் ஆண்டில் எதையும் நட மாட்டோம், எண்ணுவோம். ஒவ்வொரு ஊர்க்காட்டிலும் நிரந்தர அளவைக் கண்டங்களைக் கல் நட்டுக் குறிப்போம். அவற்றுக்குள் நிற்கும் மரங்களின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளப்போம். தானாக முளைத்த கன்றுகளையும் புதிதாக வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளையும் எண்ணுவோம். காட்டை அடுத்த கிணறுகளின் நீர்மட்டத்தைச் சித்திரையிலும் தையிலும் குறிப்போம். பள்ளிப் பிள்ளைகள் அளப்பார்கள். பெரியவர்கள் மரத்தின் பெயர் சொல்வார்கள். அந்தக் கணக்கு பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதப்படும், ஆண்டுதோறும் மார்ச் 22 கிராம சபையில் வாசிக்கப்படும்.

இரண்டாம் ஆண்டில் விதி எழுதுவோம், முறைக்காவல் தொடங்குவோம். மூன்றாம் ஆண்டில், கணக்கு எந்த இடத்தில் நடவு கேட்கிறதோ அங்கே மட்டும் நடுவோம். பக்கத்துப் பக்கத்து ஊர்களின் காடுகள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் ஊர்க்குழுக்களின் கூட்டமைப்பு இருக்கும். ஓர் ஊர் மூடிய காட்டை இன்னோர் ஊர் தின்றுவிடக் கூடாது. எந்த நன்கொடையும் ஊர்க்காட்டின் பெயரை மாற்றாது. எந்தக் கட்சியின் கொடியும் காட்டில் பறக்காது. எந்தக் கட்சிக்காரருக்கும் இங்கே இடம் உண்டு.

ஊர் மக்களுக்கு

உள்ளூர் அதிகாரம் மந்திரமல்ல என்பதை அறிந்தே இதைத் தொடங்குகிறோம். நிலத்தின் விலை ஏறும்போது ஊருக்குள்ளேயே காட்டை விற்க நினைப்பவர்கள் வருவார்கள். குழுத்தலைவர் பதவி ருசிக்கத் தொடங்கும். மழை பொய்த்த ஆண்டில் மூடிய காட்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். சில நேரம் அவர்கள் கேட்பது நியாயமாகவும் இருக்கும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே பேசி வைக்காத குழு முதல் வறட்சியிலேயே உடையும். ஆகவே ஒவ்வொரு குழுவின் பதவிக்காலமும் மூன்றாண்டு. ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பொறுப்பில் இருக்கக் கூடாது. வறட்சி ஆண்டுக்கான விதி தனியாக முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் சபையில் ஒரே ஒரு தீர்மானத்தைப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள்: இந்த ஊருக்குச் சேர்ந்த காடும் மேய்ச்சலும் எத்தனை ஏக்கர், அதில் இன்று நிற்பது என்ன என்று ஊரே கூடி அளக்க வேண்டும். செலவில்லாத தீர்மானம் அது. கயிறும் சுண்ணாம்பும் நோட்டுப்புத்தகமும் போதும்.

அந்த நோட்டில் முதல் ஆண்டு எழுதிய எண், இந்த இயக்கத்தின் மீது நீங்கள் வைக்கும் கடன். பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் அதே கண்டங்களை அளந்து பாருங்கள். எண் ஏறியிருந்தால் விதியைத் தொடருங்கள். இறங்கியிருந்தால் எங்கள் பேச்சை நம்பாதீர்கள். பொறுப்பில் இருப்பவரை மாற்றுங்கள், விதியைத் திருத்துங்கள். காட்டை ஊரிடம் விடக் கூடாது என்று சொல்கிறவருக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.